அரசியலைக் கற்பிக்கும் இளம் ஆசிரியர்கள்

ஆண்டுதோறும் செப்டம்பர் 5ஆம் நாளை நாடெங்கும் ஆசிரியர் நாளாகக் கொண்டாடி வருகிறோம். டாக்டர் ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்ற 1962ஆம் ஆண்டில் தொடங்கிய வழக்கம் இது. திருத்தணியில் பிறந்து, 1909இல் தம் இருபதாம் வயதில் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்ற அப்பெரியார், பின்னர் மைசூர், கல்கத்தா, வால்டேர், காசி எனப் பல ஊர்களிலும் பணிபுரிந்தார். 1921இல் அவர் மைசூரை விட்டுக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது, மாணவர்கள் வண்டியிலிருந்த குதிரைகளை அவிழ்த்து விட்டுத் தாமே அதனைப் புகைவண்டி நிலையம் வரை இழுத்துச் சென்றனர் என்பது பலகாலும் சொல்லப்பட்டு வரும் செய்தி. அப்பொழுது அவருக்கு வயது முப்பத்திரண்டு. பட்டங்களும் பதவிகளும் வருவதற்கு நெடுநாள் முன்னரே, வகுப்பில் அமர்ந்து கேட்டவர்கள் அவரை இன்னார் என அறிந்து கொண்டார்கள்.

இன்று ஒரு கல்லூரியில் சேர்ந்து மூன்றோ நான்கோ ஆண்டுகளே ஆன ஓர் ஆசிரியர் நன்றாகக் கற்பிக்கிறார் என்றால், அதனை அறிபவர் யார்? எவ்வாறு அறிகிறார்? அறிந்ததை எங்கே குறித்து வைக்கிறார்? இக்கேள்விகளே நாம் இங்கு எடுத்துக் கொண்ட பொருள். எல்லாப் பாடங்களையும் பற்றிப் பேச இடம் போதாது. அரசியல் அறிவியல், பொது ஆட்சியியல் என்னும் இரண்டு பாடங்களைக் கற்பிப்போரை மட்டும் எடுத்துக் கொள்வோம். வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலிருந்து இப்பாடங்களைப் பயிலச் செல்வோர் பலர். பயின்று முடித்து அவற்றைக் கற்பிக்கவே சென்றோரும் உளர். அவர்களுடைய பெற்றோர் பலருக்கு, தம் பிள்ளை என்ன வேலை செய்கிறது என்பதைப் பிறர்க்குச் சொல்லி விளங்க வைப்பதே ஒரு சிரமம்.

அச்சிரமம் சொல்லிலேயே தொடங்குகிறது. ‘எங்கள் மகள் கல்லூரியில் அரசியல் கற்பிக்கிறாள்’ என்று ஒரு தாய் சொன்னால், கேட்பவர் சற்றே புன்முறுவல் பூப்பது வழக்கம். தேர்தல் மேடையும் கட்சிப் பூசலுமே அச்சொல்லுக்குப் பொருளாக முன்வந்து நிற்கின்றன. உண்மையில் அவ்வாசிரியை கற்பிப்பது யாது? வரி விதிக்கும் அதிகாரம் எங்கிருந்து பிறந்தது, நீதிமன்றம் ஒரு சட்டத்தை என்ன காரணம் பற்றிச் செல்லாது என்கிறது, மாநகராட்சி ஆணையர் யாருக்குக் கட்டுப்பட்டவர், ஒரு கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு ஏன் நகர்கிறது அல்லது ஏன் நகர மறுக்கிறது என்பன போன்றவையே. கடைசியாகச் சொன்ன பொருளில், கோப்புகளுக்கு நடுவே வாழ்நாளைக் கழிக்கும் நம் போன்றோர்க்கும் பாடம் தேவைப்படும்.

பொது ஆட்சியியல் பிறந்த கதையிலேயே ஓர் இளம் ஆசிரியர் இருக்கிறார். அமெரிக்காவில் பிலடெல்பியாவுக்கு அருகே பிரின் மார் என்னும் மகளிர் கல்லூரி 1885இல் திறக்கப்பட்டது. அங்கே வரலாறும் அரசியலும் கற்பிக்க அமர்த்தப்பட்டவர் உட்ரோ வில்சன். 1887 ஜூன் மாதத்தில், அரசியல் ஆராய்ச்சிக் காலாண்டிதழ் ஒன்றில், ஆட்சி நடத்தும் முறையைத் தனித்ததோர் இயலாகப் பயில வேண்டும் என்று அவர் ஒரு கட்டுரை எழுதினார். அப்பொழுது அவருக்கு வயது முப்பது. கல்லூரிப் பணியில் அவருக்கு இரண்டாவது கல்வியாண்டு. அரசியல் அமைப்புகளை வகுப்பது பற்றி அறிஞர்கள் நிரம்ப எழுதி விட்டார்கள், வகுத்ததை நாள்தோறும் நடத்திச் செல்வது எப்படி என்பதைப் போதிய அளவு ஆராயவில்லை என்பது அக்கட்டுரையின் சாரம். உலகெங்கும் இத்துறையின் பாடநூல்கள் இன்று அந்தக் கட்டுரையிலிருந்தே கதையைத் தொடங்குகின்றன. வெளிவந்த காலத்திலோ அதனைப் பொருட்படுத்தியவர் மிகச் சிலர். பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே அதன் அருமை உணரப்பட்டது. அதற்குள் அவர் 1913 முதல் 1921 வரை அமெரிக்காவின் குடியரசுத் தலைவராக விளங்கி, 1924இல் மறைந்தும் விட்டார். குடியரசுத் தலைவராகும் பேறு வாய்த்தவர்க்கு இத்தாமதத்தால் பெரிய இழப்பு ஒன்றுமில்லை. ஏனைய ஆசிரியர்கள் நிலை அப்படியன்று.

நம் நாட்டில் இப்பாடத்திற்கு வேரூன்றிய இடங்களுள் சென்னையும் ஒன்று என்பதைத் தமிழர் நினைவிற் கொள்ளலாம். லக்னோப் பல்கலைக் கழகம் 1930களில் எம்.ஏ. அரசியல் வகுப்பில் ஆட்சியியலைச் சேர்த்தது. சென்னைப் பல்கலைக் கழகம் 1937இல் அதற்கெனப் பட்டயப் படிப்பு ஒன்றைத் தொடங்கிற்று. நாகபுரிப் பல்கலைக் கழகம் 1949இல் தனித் துறையே அமைத்தது. 1953இல் பால் ஆப்பிள்பி என்னும் அமெரிக்க அறிஞர் நமது ஆட்சி அமைப்பைச் சுற்றிப் பார்த்து அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1954 மார்ச் மாதத்தில் புது தில்லியில் இந்தியப் பொது ஆட்சியியல் நிறுவனம் தோன்றியது. பிரதமர் நேருவே அதன் முதல் தலைவர்.

அந்நாளில் தெற்கிலிருந்து வடக்கே சென்று இப்பாடங்களைக் கற்பித்தவர்களை நம்மவர் அதிகம் பேசுவதில்லை. எடி ஆசீர்வாதம் லக்னோவிலும், சென்னையிலும், பின்னர் நாகபுரியிலும் ஆசிரியராக இருந்தார். அரசியல் கோட்பாடு பற்றி அவர் எழுதிய ஆங்கிலப் பாடநூலைத் தலைமுறை தலைமுறையாக வடநாட்டு மாணவர்கள் படித்திருக்கிறார்கள். அந்நூலின் அட்டை கிழிந்த படிகளைத் தில்லியின் பழம்புத்தகக் கடைகளில் நாமும் கண்டிருக்கிறோம். சென்னையில் கல்லூரி ஆசிரியராக இருந்த அ. அப்பாதுரை 1942இல் வெளியிட்ட அரசியல் பாடநூலும் அவ்வாறே நாடெங்கும் பரவியது. அவர் தில்லிக்கு வந்து இந்திய உலக விவகாரக் குழுவின் செயலாளராகப் பணியாற்றி, 1955இல் சப்ரு மாளிகையில் தொடங்கப்பட்ட பன்னாட்டியல் கல்விக் கூடத்தின் முதல் இயக்குநரானார். அக்கூடமே 1970இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக் கழகத்துடன் இணைந்தது.

இவ்விருவரும் அறியப்பட்டது எதனால் என்று பார்த்தால், பெரும்பாலும் அவர்கள் எழுதிய நூல்களால். நூலை நூறு மைலுக்கு அப்பால் இருப்பவரும் படித்து மதிப்பிடலாம். வகுப்பை அங்கே இருந்தவரன்றிப் பிறர் அறியார். ஆசிரியரை மதிப்பிடுவதிலுள்ள சிக்கல் முழுவதும் இவ்வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், கலைச்சொற்களைப் பற்றிப் பேசுவதற்காக அழைக்கப்பெற்று, தில்லியிலுள்ள ஒரு கல்லூரிக்குச் சென்றிருந்தோம். நமது உரைக்கு முன் அரை மணி நேரம் இருந்தமையால், முதலாண்டு அரசியல் வகுப்பு ஒன்றின் கடைசி வரிசையில் அமரும் வாய்ப்புக் கிட்டியது. கற்பித்தவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளம் பெண்மணி. பணியில் அவருக்கு அது மூன்றாம் ஆண்டு. மாணவர்களுள் பாதிப் பேர் ஆங்கிலத்திலும் பாதிப் பேர் இந்தியிலும் தேர்வு எழுதுபவர்கள். அன்றைய பாடம் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்பு. அடிப்படை உரிமைகளை யாருக்கு எதிராகக் கோரலாம் என்பதை அறுதியிடுவது அது.

இங்கே ஒரு மொழிச் சிக்கல் உண்டு. அவ்வுறுப்பில் வரும் ஆங்கிலச் சொல்லாகிய ‘ஸ்டேட்’ என்பதற்கு இந்தியில் ‘ராஜ்ய’ என்பர். உத்தரப் பிரதேசம், பீகார் முதலிய மாநிலங்களுக்கும் அதே சொல்தான். ஆகவே அவ்வுறுப்பைப் படிக்கும் மாணவன் மாநிலங்களைப் பற்றியே அது பேசுவதாக எளிதில் எண்ணிக் கொள்வான். உண்மையில் அது மத்திய அரசாங்கம், நாடாளுமன்றம், மாநில அரசாங்கங்கள், அவற்றின் சட்டமன்றங்கள், உள்ளாட்சி அமைப்புகள், பிற அதிகார அமைப்புகள் ஆகிய யாவற்றையும் உள்ளடக்குவது. தமிழில் அரசு, அரசாங்கம், மாநிலம் என மூன்று சொற்கள் இருப்பதால் இந்த மயக்கம் நமக்குச் சற்றுக் குறைவு. (அரசு என்பதையும் அரசாங்கம் என்பதையும் செய்தித்தாள்கள் ஒன்றாகக் குழப்புவது வேறு கதை.)

அவ்வாசிரியை இதனை நூலைக் கொண்டு விளக்கவில்லை. முன்னாள் வகுப்பிலேயே, வீட்டிலுள்ள ஏதேனும் ஓர் அரசுத் தாளின் படியைக் கொண்டு வருமாறு சொல்லியிருந்தார் போலும். ஒருவன் பிறப்புச் சான்றிதழ் கொண்டு வந்திருந்தான். ஒருத்தியிடம் குடும்ப அட்டை. வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருந்த மாணவன் ஒருவன், வாடகைக்கு இருப்போர் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டிய விவரப் படிவத்தை எடுத்துக் காட்டினான். பிறப்புச் சான்றிதழ் மாநகராட்சி அளித்தது. குடும்ப அட்டை தில்லி அரசாங்கத்தினுடையது. காவல் துறையோ தில்லியில் மத்திய உள்துறையின் கீழ் இயங்குவது. கரும்பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு தாளையும் அதற்குரிய கட்டத்தில் எழுதச் செய்தார். பிறகு மூன்றையும் சுற்றிப் பெரிய வட்டம் ஒன்று வரைந்து, இந்த வட்டத்திற்குப் பெயர்தான் 12ஆம் உறுப்பிலுள்ள ‘ராஜ்ய’ என்று சற்றே நெல்லை மணம் வீசிய இந்தியில் சொன்னார். தனியார் அலுவலகம் ஒன்றின் அடையாள அட்டையைக் கொண்டு வந்திருந்த மாணவன், இது எந்தக் கட்டத்தில் சேரும் என்று கேட்டான். அதற்குப் பிறகு மணி அடிக்கும் வரை வகுப்பில் நிகழ்ந்த வாதத்தை, எந்த நீதிமன்றத்திலும் அமர்ந்து கேட்பது போல் நாம் கேட்டுக் கொண்டிருந்தோம்.

மணி அடித்தபின் ஆசிரியை ஒரு பதிவேட்டில் தேதி, நேரம், கையொப்பம் ஆகிய மூன்றையும் இட்டார். அவ்வகுப்பைப் பற்றி அக்கல்லூரியில் எஞ்சிய எழுத்துச் சான்று அவ்வளவே.

இதனை அக்கல்லூரியின் குறையாகச் சொல்வதற்கில்லை. நாடு முழுவதற்கும் உரிய விதிகளே அப்படித்தான் அமைந்துள்ளன. பல்கலைக் கழக மானியக் குழு 2018இல் வகுத்த ஒழுங்குமுறைகளில், பதவி உயர்வுக்காக ஆசிரியரின் கற்பித்தலை மதிப்பிட ஓர் அட்டவணை உண்டு. ஒப்படைக்கப்பட்ட வகுப்புகளில் நூற்றுக்கு 80 பங்கோ அதற்கு மேலோ எடுத்திருந்தால் ‘நன்று’. 70 முதல் 80 வரை ‘திருப்தி’. அதற்கும் கீழானால் ‘திருப்தியில்லை’. வகுப்புக்கு வராமலே சம்பளம் வாங்குவோரைப் பிடிக்க இக்கணக்கு உதவும் என்பதில் ஐயமில்லை. மூன்று கட்டங்களும் ஒரு வட்டமும் வரைந்த ஆசிரியையும், பழைய குறிப்பேட்டிலிருந்து ஒப்பித்துவிட்டுப் போகும் ஆசிரியரும் இக்கணக்கின்படி சமமானவர்களே. ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கு மட்டும் ஒன்றொன்றாக எண்ணி மதிப்பெண் இடுகிறார்கள். 2025 ஜனவரியில் அக்குழு வெளியிட்ட புதிய வரைவில், புதுமையான கற்பித்தலும் குறிப்பிடத்தக்க பங்களிப்புகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அது வரவேற்கத்தக்க எண்ணமே. புதுமை என்பதை யார் நேரில் பார்த்து எழுதுவது என்னும் கேள்வி அதிலும் எழுகிறது.

நிலையான பணியில் அமர்ந்தவர்க்கேனும் ஏணி ஒன்று இருக்கிறது. உதவிப் பேராசிரியராக மாதம் ரூ. 57,700 அடிப்படை ஊதியத்தில் தொடங்கி, முனைவர் பட்டம் பெற்றவரானால் நான்கு ஆண்டுகளிலும், இல்லையேல் ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளிலும் அடுத்த படிக்கு அவர் விண்ணப்பிக்கலாம். இளம் ஆசிரியர் பலருக்கு இந்த ஏணியின் முதற்படியே எட்டுவதில்லை. அவர்கள் கௌரவ விரிவுரையாளர், அழைப்பு விரிவுரையாளர், தற்காலிக விரிவுரையாளர் என்று மாநிலத்துக்கு ஒரு பெயருடன் ஆண்டுக் கணக்கில் பணிபுரிகிறார்கள். ‘கௌரவ’ என்னும் அடைமொழியை நினைத்தால் மொழிபெயர்ப்பாளர்க்கும் சிரிப்பு வரும். அழைப்பு விரிவுரையாளர்க்கு விரிவுரை ஒன்றுக்கு ரூ. 1,500, மாதத்திற்கு மிகுதியாகப் போனால் ரூ. 50,000 என்று மானியக் குழு 2019இல் அறிவித்தது. பல இடங்களில் கைக்கு வருவது அதனினும் குறைவே. நாம் மேலே சொன்ன ஆசிரியையும் இவ்வகையினரே.

விருதுகளைப் பார்ப்போம். ஆசிரியர்களுக்கான தேசிய விருது 1958இல் பள்ளி ஆசிரியர்க்கென ஏற்பட்டது. உயர்கல்வி ஆசிரியர்க்கு அது விரிக்கப்பட்டது 2023இல்தான். இடைப்பட்ட காலம் அறுபத்தைந்து ஆண்டுகள். அதற்கும் நிலையான பணி வேண்டும், ஐந்து ஆண்டுகளாவது முழுநேர அனுபவம் வேண்டும் என்பன விதிகள். விஞ்ஞானத் துறையிலோ இளமைக்கு மதிப்பு அளிக்கும் மரபு பழையது. 1958 முதல் வழங்கப்பட்ட பட்நாகர் பரிசு 45 வயதுக்கு உட்பட்டோர்க்கே உரியதாயிருந்தது. இந்திய தேசிய விஞ்ஞானக் கழகம் 1974 முதல் பல்லாண்டுகள் இளம் விஞ்ஞானிகளுக்குப் பதக்கம் வழங்கி வந்தது. இவையெல்லாம் ஆராய்ச்சிக்குரியவை, ஆயினும் இளம் வயதில் ஒருவரை அடையாளம் காணுதல் இயலும் என்பதற்குச் சான்று பகர்பவை.

பொது ஆட்சியியலில் சிறந்தோர்க்குப் பிரதமர் விருது இருக்கிறதே என்று சிலர் சொல்லக் கூடும். 2006இல் நிறுவப்பட்ட அவ்விருது ஆட்சி நடத்தும் அதிகாரிகளுக்கு உரியது. ஆண்டுதோறும் ஏப்ரல் 21ஆம் நாளாகிய குடிமைப் பணி நாளையொட்டி அதனை வழங்குகிறார்கள். அவ்வதிகாரிகளுக்கு ஆட்சியியலை முதன்முதல் வகுப்பில் சொல்லிக் கொடுத்தவர்க்கு அதில் இடமில்லை. இந்தியப் பொது ஆட்சியியல் நிறுவனத்தில் ஆப்பிள்பி பெயரால் ஒரு விருதும், ஆராய்ச்சி இதழில் வெளியாகும் சிறந்த கட்டுரைக்கு டி.என். சதுர்வேதி பெயரால் ஒரு பரிசும், கட்டுரைப் போட்டியும் ஏற்படுத்தியுள்ளனர். முன்னது நெடுநாள் தொண்டுக்கு, பின்னவை எழுத்துக்கு.

வகுப்பில் நடப்பதற்கு உடனுக்குடன் மதிப்பளிக்கும் இடம் ஒன்று தில்லியில் இல்லாமல் இல்லை. அது கல்லூரி அன்று. பழைய ராஜேந்திர நகரிலும் முகர்ஜி நகரிலும் உள்ள பயிற்சி நிலையங்களை நம் நேயர்கள் அறிவார்கள். தமிழ்நாட்டிலிருந்து குடிமைப் பணித் தேர்வுக்கு வரும் இளைஞர்கள் தங்கும் பகுதிகள் அவை. பொது ஆட்சியியல் 1987இல் அத்தேர்வின் விருப்பப் பாடங்களுள் ஒன்றானது முதல் அதனைக் கற்பிப்போர்க்கு அங்கே பெருங்கிராக்கி ஏற்பட்டது. 2013இல் இரண்டு விருப்பப் பாடங்கள் ஒன்றாகக் குறைக்கப்பட்ட பிறகு அந்தக் கிராக்கி தணிந்தது. நன்றாகக் கற்பிப்பவர் யார் என்பதை அங்குள்ள மாணவர்கள் ஒரு மாதத்தில் கண்டு கொள்வார்கள்; சுவரொட்டியில் அவர் படம் பெரிதாகிவிடும். அங்கே அளவுகோல் தேர்வு வெற்றி ஒன்றுதான் என்பதையும் சொல்ல வேண்டும். 12ஆம் உறுப்பைப் பற்றி எவ்வளவு எழுதினால் எவ்வளவு மதிப்பெண் என்பதைச் சொல்லிக் கொடுப்பது ஒரு திறமை. பதினெட்டு வயதுப் பிள்ளையைத் தன் குடும்ப அட்டையைப் பார்த்துச் சிந்திக்க வைப்பது மற்றொரு திறமை. முன்னதற்குச் சந்தை உண்டு. கல்லூரியில் முதல் ஐந்தாண்டுகளைத் தள்ளாட்டத்தோடு கழிக்கும் ஆசிரியர், ஒருவரும் தம்மைக் கவனிக்கவில்லை என்று கண்டு, அந்தச் சந்தைக்கோ வேறு வேலைக்கோ போய்விடுவதைப் பன்முறை பார்க்கிறோம். மாதச் சம்பளம் ஒரு காரணம். அதுவே முழுக் காரணம் என்று நாம் கருதவில்லை.

பிற நாடுகளில் என்ன செய்கிறார்கள்? பிரிட்டனில் 1950இல் தொடங்கப்பெற்ற அரசியல் கல்விச் சங்கம், சிறந்த கற்பித்தலுக்கு சர் பெர்னார்டு கிரிக் பெயரால் ஒரு பரிசு ஏற்படுத்தியது. அதிலே புதிதாக ஆசிரியப் பணிக்கு வந்தோர்க்கெனத் தனியாக ஒரு பரிசையும் வகுத்தது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. முப்பதாண்டு அனுபவம் உள்ளவரோடு மூன்றாண்டு அனுபவம் உள்ளவரை ஒரே தராசில் நிறுப்பதில்லை. அப்பரிசுக்கு வைத்த பெயரும் பொருத்தமானது. கிரிக் 1929இல் பிறந்து 2008இல் மறைந்தவர். லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் இளம் விரிவுரையாளராக இருந்தபோதே, 1962இல், அரசியல் என்பது இழிந்த தொழில் அன்று, கருத்து வேறுபாடு உடையவர்கள் வன்முறையின்றி ஒன்றாக வாழக் கண்டுபிடித்த வழி என்று வாதாடி ஒரு நூல் எழுதினார். 1998இல் அவர் தலைமையில் ஒரு குழு அளித்த அறிக்கையின் பயனாக, 2002 முதல் இங்கிலாந்தின் உயர்நிலைப் பள்ளிகளில் குடிமைக் கல்வி கட்டாயப் பாடமாயிற்று. ‘அரசியல் கற்பிக்கிறாள்’ என்றால் புன்முறுவல் பூப்பவர்களுக்கு அவர் வாழ்க்கையே விடையாகும்.

அமெரிக்காவில் பொது ஆட்சியியல் கல்விக் கூடங்களின் கூட்டமைப்பு வழங்கும் கற்பித்தல் விருதுக்கு லெஸ்லி விட்டிங்டன் என்பவரின் பெயர். ஜார்ஜ்டவுன் பல்கலைக் கழகத்தில் பொதுக் கொள்கை கற்பித்த அவர், 2001 செப்டம்பர் 11ஆம் நாள் கடத்தப்பட்ட வானூர்தி ஒன்றில் குடும்பத்துடன் உயிரிழந்தார். ஓர் ஆசிரியரின் நினைவைக் கல்லில் பொறிக்காமல், வகுப்பறைப் பணியோடு பிணைத்து வைத்திருக்கிறார்கள்.

பரிசு என்றவுடன், மாணவர்களிடம் ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னால் போதுமே என்பர் சிலர். மாணவர் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும். மைசூரில் வண்டி இழுத்தவர்கள் மாணவர்களே. ஆனால் படிவத்தை மட்டும் நம்பினால் தீங்கு நேரும். 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இணையத்தின் வழி நடந்த, ஆசிரியரின் முகம் தெரியாத வகுப்பில், ஆசிரியர் இருவரும் ஒரு பிரிவுக்குத் தம்மை ஆண் என்றும் மற்றொரு பிரிவுக்குப் பெண் என்றும் அறிமுகம் செய்து கொண்டனர். உண்மையில் கற்பித்தவர் ஆணோ பெண்ணோ, ஆண் பெயரைக் கண்டவர்கள் அதிக மதிப்பெண் இட்டார்கள். சிறிய வகுப்பில் நடந்த சிறிய ஆய்வுதான். எனினும், நெல்லை மணம் வீசும் இந்தியில் பேசும் ஆசிரியைக்கு லக்னோ இந்தி பேசும் ஆசிரியரைவிடக் குறைந்த மதிப்பெண் விழாது என்று யாராலும் உறுதி கூற முடியாது. இதனை நேயர்களுள் பலர் தம் அலுவலகங்களிலேயே உணர்ந்திருப்பார்கள்.

அரசியல் பாடத்திற்கு மேலும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வேதியியல் வகுப்பில் ஆசிரியர் சொல்வது யாருடைய மனத்தையும் புண்படுத்துவதில்லை. இட ஒதுக்கீடு, நெருக்கடி நிலை, மொழிக் கொள்கை, ஆளுநர் பதவி ஆகியவற்றைப் பற்றிப் பேசும் ஆசிரியர் எவ்வளவு நடுநிலையோடு பேசினாலும் வகுப்பில் ஒரு பகுதியினர்க்குக் கசக்கும். இரு பக்கத்து வாதங்களையும் வலிமை குன்றாமல் எடுத்து வைப்பவர் இரு பக்கத்தாரின் வெறுப்புக்கும் ஆளாவதுண்டு. நிலையான பணியிலுள்ள மூத்த பேராசிரியர் இதனைத் தாங்கிக் கொள்வார். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் உத்தரவை நம்பி வாழும் இளம் ஆசிரியர் தாங்க மாட்டார். பாதுகாப்பான நாலு வரிகளைச் சொல்லி முடித்துக் கொள்வார். அப்படிச் சுருங்கிய வகுப்பினால் இழப்பு மாணவர்க்கே. இவர் நேர்மையாகக் கற்பிக்கிறார், எதிர்க்கருத்துக்கும் இடம் தருகிறார் என்று துறையின் மூத்தவர் ஒருவர் நேரில் கண்டு எழுதி வைத்த குறிப்பு ஒன்று கோப்பில் இருந்தால், பின்னாளில் யாரேனும் பாதி வகுப்பைக் கேட்டுவிட்டு முறையிடும்போது அது அவருக்குக் கவசமாகும். இளம் ஆசிரியரை மதித்தல் என்பதில் நாம் முதலில் வைப்பது இதனையே; பொன்னாடையும் கேடயமும் அதன் பின்னரே.

இதற்குப் பெருஞ்செலவு ஒன்றுமில்லை. ஆண்டுக்கு இரு முறை, முன்கூட்டிச் சொல்லிவிட்டு, துறையின் மூத்தவர் ஒருவரும் வேறு கல்லூரியிலிருந்து ஒருவரும் வகுப்பில் அமர வேண்டும். கண்டதை ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். ஆசிரியர்க்கு அதைக் காட்டி அவர் சொல்வதையும் சேர்க்க வேண்டும். நிலையான பணி, தற்காலிகப் பணி என்ற வேறுபாடு இதில் தேவையில்லை. பதிவேட்டுக் கையொப்பத்தை எண்ணும் வேலையினும் இது கடினமானதே. ஆயினும் கற்றோர் நிறைந்த ஓர் இடத்தில் நடக்க முடியாததன்று.

வெளி மாநிலத் தமிழ்ச் சங்கங்களுக்கும் இதில் ஓர் இடம் உண்டு என்பது நம் எண்ணம். 1946இல் தொடங்கிய தில்லித் தமிழ்ச் சங்கம் முதலாக ஊருக்கு ஊர் சங்கங்கள் இருக்கின்றன. புலவரையும் இசைவாணரையும் அவை மகிழ்ந்து போற்றுகின்றன. அவ்வூர்க் கல்லூரிகளில் அரசியலும் ஆட்சியியலும் கற்பிக்கும் இளந்தமிழர் எவரெவர் என்று ஒரு பட்டியல் எடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை ஒருவரை அழைத்து, வாடகை ஒப்பந்தம், வாக்காளர் பட்டியல், மாநகராட்சி வரி போன்ற பொருளில் ஒரு மணி நேரம் பாடம் நடத்தச் சொல்லலாம். புதிதாக ஊருக்கு வந்த குடும்பங்களுக்கு அதனால் கிடைக்கும் பயன் வேறெந்த விழாவினும் குறைந்ததன்று. அவ்வாசிரியரின் கற்பிக்கும் திறமையும் நூறு பேர் முன் வெளிப்படும்.

பெற்றோரும் பழைய மாணவர்களும் செய்யக் கூடியது இன்னும் எளிது. பிள்ளை வீட்டுக்கு வந்து ‘இன்று அரசியல் வகுப்பில் நடந்தது கேளுங்கள், அப்பா’ என்று வாய் ஓயாமல் பேசினால், அதனை ஒரு கடிதமாக எழுதுங்கள். ‘மிக நன்றாகக் கற்பிக்கிறார்’ என்ற பொதுப்படையான புகழ்ச்சியால் பயனில்லை. எந்நாள், எந்தப் பாடம், எதைச் செய்து காட்டினார், பிள்ளைக்கு முன்பு விளங்காதது எது, பின்பு விளங்கியது எது என்பன அதில் இருக்க வேண்டும். கல்லூரி முதல்வர்க்கு முகவரியிட்டு, துறைத் தலைவர்க்கு ஒரு படி அனுப்புங்கள். மூன்றாவது படியை ஆசிரியர்க்கே கொடுத்து விடுங்கள். அடுத்த நேர்காணலுக்குப் போகும்போது சான்றிதழ்களோடு அதனையும் அவர் வைத்துக் கொள்வார்.